நால்வருக்கு ஒரு மடல்: எதிராளியின் உலாவியிலும் ஓடட்டும்

பெறுநர்: எச்டிஎம்எல் முதலிய வலைத் தரநிலைகளை எழுதும் வாட்விக் (WHATWG) அமைப்பின் வழிநடத்துக் குழுவில் அமர்ந்திருக்கும் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நிறுவனத்தார்.

வணக்கம்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் பிராகாரத்தில் நால்வர் என்று வரிசையாக நிற்பவர்கள் வேறு. கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்கு நால்வர் நீங்கள்தாம். 2019 மே 28 அன்று, வலைத் தரநிலைகளின் பழைய அமைப்பான டபிள்யூ3சி (W3C) உங்களோடு உடன்படிக்கை எழுதி, பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லும், அந்தப் பக்கத்தை நிரல்கள் தொட்டு மாற்றும் வழியான டாமும் (DOM) இனி உங்கள் இடத்திலேயே வளரட்டும் என்று ஒப்புக்கொண்டது. ஒரு வலைப்பக்கத்தில் பொத்தான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது முதல் அதற்குப் பின்னால் ஓடும் செயலி எதையெல்லாம் தொடலாம் என்பது வரை, கடைசிச் சொல் உங்களுடையது. அதனால்தான் இந்தக் கடிதம் டபிள்யூ3சிக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

சண்டை போடாதீர்கள் என்று கேட்க எழுதவில்லை. நீங்கள் சண்டை போட்டதால்தான் எனக்குச் சோறு. 1995 மே மாதத்தில் அன்றைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில், பின்னாளில் ஜாவாஸ்கிரிப்ட் ஆன ஒரு மொழியைச் செய்து முடித்தார் என்றால், மைக்ரோசாஃப்ட் வந்துகொண்டிருக்கிறது என்ற பயம்தான் அந்த அவசரத்துக்குக் காரணம். அந்தப் பத்து நாளின் பிழைகளோடு நான் இருபத்தைந்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். புகார் இல்லை. என்ன மாதிரிச் சண்டை என்பதுதான் என் கேள்வி.

தமிழ்த் தளங்கள் பார்த்த ஒரு சண்டையிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் இளையவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் தமிழில் ஒரு பக்கம் போடுவது என்றால், படிப்பவர் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள்; அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் விண்டோஸ் பரவலாக வீட்டுக்கு வந்து சேரப் பத்து வருடம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் டிஸ்கி, டாப், டாம் (TAM) என்று ஆளுக்கொரு குறியேற்றம், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை. போதாக்குறைக்குப் பத்திரிகைகள் தங்களுக்கென்று தனித்தனியாக வைத்திருந்தவை வேறு. "முதலில் இந்த எழுத்துருவை இறக்கி நிறுவுங்கள்" என்று முகப்பில் எழுதினால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். மிச்சப் பேர் அலுவலகக் கணினியில் படிப்பவர்கள், நிறுவ அனுமதி கிடையாது.

அப்போதுதான் "டைனமிக் ஃபான்ட்" வந்தது. பக்கமே தன் எழுத்துருவைக் கையோடு கொண்டுவரும், வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருந்தவர்கள் ஊர்ச் செய்தியைத் திறந்த உடனே படிக்க முடிந்தது. எங்களுக்கு அது கிட்டத்தட்ட மாயம். ஆனால் அந்த மாயம் இரண்டு பெட்டிகளில் வந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் 4க்கு ஈஓடி கோப்பு. நெட்ஸ்கேப் 4க்கு பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பிஎஃப்ஆர் கோப்பு. அதைச் செய்ய ஒரு கருவி, இதைச் செய்ய வேறொரு கருவி. ஈஓடியை எந்த முகவரியில் வைக்கிறோமோ அந்த முகவரியை உள்ளே எழுதிப் பூட்டவும் செய்வார்கள். பூட்டிய பிறகு தளம் வேறு முகவரிக்குக் குடிபோனால் எழுத்துரு ஊமையாகிவிடும். ஒரே கட்டுரை, ஒரே எழுத்துரு, இரண்டு கோப்பு. ஒருமுறை என் கவனக்குறைவால் பழைய கோப்பைப் புதிய பக்கத்தோடு ஏற்றிவிட்டேன். மறுநாள் காலையில் வந்த வாசகர் கடிதங்களில் ஒன்று, "தலையங்கம் முழுக்க மேலே கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தும் பவுண்டுக் குறியுமாக இருக்கிறது, ஏதாவது புதுக்கவிதையா?" என்று கேட்டது.

தரநிலை என்ன செய்துகொண்டிருந்தது? பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் தரநிலையாக 1998 மே மாதம் வெளிவந்த சிஎஸ்எஸ் 2, பக்கத்துக்குள் எழுத்துருவை அழைப்பது எப்படி என்று அழகாகச் சொன்னது. எந்த வடிவக் கோப்பை அழைப்பது என்பதைச் சொல்லவில்லை. சண்டை நடக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் உடன்பட்டிருந்தார்கள். 2000இன் கடைசியில் நெட்ஸ்கேப் 6 வந்தபோது பிஎஃப்ஆரை ஏற்றுக்கொள்ளும் வழியே அதில் இல்லை. ஒரு பெட்டி அப்படியே காலி. மைக்ரோசாஃப்ட் ஈஓடியை 2008இல் டபிள்யூ3சியிடம் கொடுத்தபோது, பூட்டு வைத்த கோப்பு எங்களுக்கு வேண்டாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வெறும் எழுத்துருவை அப்படியே வலையில் வைத்தால் திருட்டுப் போகும் என்று எழுத்துரு விற்பவர்கள் பயந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. கடைசியில் 2010 ஏப்ரலில் மொசில்லா, ஓபரா, மைக்ரோசாஃப்ட் மூவரும் சேர்ந்து வோஃப் என்ற வடிவத்தை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்ப்ளோரர் 9 அதை ஏற்றது. 2012 டிசம்பரில் டபிள்யூ3சியின் பரிந்துரையானது. வோஃப் என்றால் என்ன? பழைய எழுத்துருக் கோப்பேதான், சுருக்கி மடித்து ஒரு பொட்டலமாகக் கட்டியிருக்கிறார்கள். 1997இலிருந்து எண்ணினால் பதினான்கு பதினைந்து வருடம். ஒரு பொட்டலத்துக்கு.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஈஓடி, பிஎஃப்ஆர் இரண்டும் நல்ல தொழில்நுட்பம்தான். ஒன்றை வைத்துச் செய்த வேலை மற்றவன் வீட்டில் செல்லாது என்பதுதான் அவற்றின் நோய். செய்தவனே கைவிட்டால் எங்கும் செல்லாது.

இப்போது இன்னொரு சண்டையைப் பாருங்கள். இது நான் மிகவும் விரும்பிப் பார்த்த சண்டை. உலாவிக்குள் கனமான நிரல்களை, சி மொழியிலும் சி++ மொழியிலும் எழுதிய விளையாட்டுகளையும் பட எடிட்டர்களையும், ஓட்ட வேண்டும். கூகுள் 2011இல் குரோமுக்குள் நேட்டிவ் கிளையன்ட் என்று ஒன்றைத் திறந்துவிட்டது. கணினியின் பிராசசர் நேரடியாகப் புரிந்துகொள்ளும் நிரலையே காவலோடு ஓட்டும் ஏற்பாடு. வேகம் அபாரம். ஆனால் குரோமில் மட்டும். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள், முக்கியமாக மொசில்லா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மொசில்லா சும்மா உட்காரவில்லை. 2013இல் ஏஎஸ்எம்.ஜேஎஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது ஜாவாஸ்கிரிப்ட்டின் ஒரு சிறு துண்டு, அவ்வளவுதான். ஃபயர்ஃபாக்ஸ் அதை அடையாளம் கண்டு முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிப் பறக்கும். அதைப் பற்றிக் கேள்வியே படாத உலாவிக்கும் அது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். குரோமில் ஓடியது. சஃபாரியில் ஓடியது. எதிராளியிடம் அனுமதி கேட்கவில்லை, எதிராளியின் வாடிக்கையாளரைப் பட்டினி போடவும் இல்லை.

அதன்பின் வாதத்துக்கு என்ன வேலை? 2015 ஜூனில் நீங்கள் நால்வரும் ஒரே நேரத்தில், எல்லா உலாவிக்கும் பொதுவான இயந்திர மொழி போன்ற வெப்அசெம்பிளியை அறிவித்தீர்கள். 2017 முடிவதற்குள் நான்கு உலாவிகளிலும் வந்துவிட்டது. அதே ஆண்டு கூகுள் தன் நேட்டிவ் கிளையன்ட் வழியைக் கைவிடுவதாகச் சொன்னது. தோற்றவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. காவலோடு நிரலை ஓட்டுவது பற்றி அவர்கள் படித்த பாடம் புதியதிலும் உதவியது. இன்று ஃபோட்டோஷாப் உலாவிக்குள் திறக்கிறது என்றால் அந்தச் சண்டைதான் காரணம். எழுத்துருவுக்குப் பதினைந்து வருடம். இதற்கு, இதைவிடப் பல மடங்கு சிக்கலான ஒன்றுக்கு, அறிவித்ததிலிருந்து இரண்டரை வருடம்.

என் கட்சி இதுதான்: போட்டி போடுங்கள், எதிராளியின் உலாவியிலும் ஓடுகிற மாதிரிப் போடுங்கள். அவன் உலாவியில் மெதுவாக ஓடட்டும், பாதி வசதியோடு ஓடட்டும், பரவாயில்லை. செத்துப்போகக் கூடாது.

இந்தக் குழு பிறந்ததே இதே கட்சியில்தான் என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2004 ஜூன் முதல் வாரம் சான் ஹோசேயில் டபிள்யூ3சி ஒரு கூட்டம் போட்டது. வலைச்செயலிகளின் எதிர்காலம் என்ன? மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய ஆண்டுதான் விண்டோஸ் செயலிகளின் திரையை எழுத ஸாமல் (XAML) என்று ஒன்றைக் காட்டியிருந்தது. மேக்ரோமீடியா, உலாவியில் செருகும் ஃபிளாஷை வைத்துக்கொண்டு, செயலி கட்டும் ஃபிளெக்ஸ் கருவியை விற்றுக்கொண்டிருந்தது. டபிள்யூ3சியோ எக்ஸ்எச்டிஎம்எல் 2 என்று பழையதோடு ஒட்டாத புது வீடு கட்டிக்கொண்டிருந்தது. பழைய எச்டிஎம்எல்லையே, இருக்கிற பக்கங்கள் உடையாமல், கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்போம் என்று மொசில்லாவும் ஓபராவும் கேட்டன. வாக்கெடுப்பில் தோற்றார்கள். இரண்டு நாளில் ஆப்பிளையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்து வாட்விக்கைத் தொடங்கினார்கள். பழைய பக்கம் உடையக் கூடாது என்பதை அவர்கள் வேதமாக வைத்திருந்தார்கள். டபிள்யூ3சி 2009இல் எக்ஸ்எச்டிஎம்எல் 2 குழுவை மூட முடிவெடுத்தது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31 அன்று போனது, அதைப் போன்ற மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் அடுத்த ஆண்டு அக்டோபரில். அன்று பிடிவாதமாக வெளியே வந்தவர்கள் கட்டிய வீட்டில்தான் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உட்கார்ந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கூகுளுக்கு: 2001க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரர் 6ஐ வைத்துக்கொண்டு ஐந்து வருடம் தூங்கியது, அதன் உலாவிக்கு மட்டும் எழுதிய பக்கங்களால் வலையே நாறியது. அப்போது எல்லோரும் திட்டினோம். இன்று குரோமில் மட்டும் ஓடுகிற வசதிகளுக்கு "முன்னோட்டம்" என்று பெயர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது போல இருக்கிறது. நீங்கள் தூங்கவில்லை, உண்மைதான். வேறு கோளாறு: மற்றவர்கள் எழுந்து முகம் கழுவுவதற்குள் கடைவீதி வரை போய்விடுகிறீர்கள். 2023இல் வெப் என்விரான்மென்ட் இன்டெக்ரிட்டி என்று ஒரு முன்மொழிவு. பார்ப்பவரின் கருவி நம்பத் தக்கதா என்று தளங்களுக்குச் சான்று கொடுக்கும் ஏற்பாடு. ஊரே எதிர்த்த பிறகு நவம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். தளம் தளமாக வாசகரைப் பின்தொடர விளம்பரக்காரர்கள் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு வருடத்தில் நிறுத்துவதாக 2020இல் சொன்னீர்கள். 2024 ஜூலையில் நிறுத்தப்போவதில்லை என்றீர்கள். இடையில் அதற்கு மாற்றாக நீங்கள் கொண்டுவந்தவற்றை நம்பிக் கட்டியவர்கள் பாடு என்ன? வேறொரு எஞ்சின் (உலாவிக்குள் இருந்து பக்கத்தை வரையும் நிரல்) "சரி, நானும் செய்கிறேன்" என்று சொல்லும்வரை ஒரு வசதியைச் சோதனைக்கு மேல் தள்ளாதீர்கள். வாட்விக்கின் சொந்த விதியே எதையும் சேர்க்கக் குறைந்தது இருவர் ஆதரவு வேண்டும் என்கிறது. அதே விதியை வீட்டிலும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆப்பிளுக்கு: உங்கள் மறுப்புகளில் பலவற்றில் எனக்கு உடன்பாடு. வலைப்பக்கம் புளூடூத்தையும் யுஎஸ்பியையும் தொடுவது ஆபத்து என்று நீங்களும் மொசில்லாவும் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் மொசில்லா "மாட்டேன்" என்றால் அது ஃபயர்ஃபாக்ஸின் முடிவு. வேண்டியவர் வேறு உலாவிக்குப் போகலாம். நீங்கள் "மாட்டேன்" என்றால் ஐபோன் வைத்திருக்கும் எல்லோருக்கும் அதுவே தீர்ப்பு. ஐபோனில் குரோம் என்று இறக்கினாலும் ஃபயர்ஃபாக்ஸ் என்று இறக்கினாலும் உள்ளே ஓடுவது உங்கள் வெப்கிட்தான். ஐரோப்பா போலச் சட்டம் குறுக்கே வந்த இடங்கள் தவிர, உங்கள் கடை விதி அப்படி. வலைச்செயலி அறிவிப்பு அனுப்பும் வசதி குரோமில் 2015 ஏப்ரலில் வந்தது. ஐபோனில் 2023 மார்ச்சில். அதுவும் முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் மட்டும். எட்டு வருடம்! 2007இல் ஐபோனுக்குச் செயலி எழுத வேண்டுமா, வலையில் எழுதுங்கள் என்று மேடையில் சொன்னவர் உங்கள் ஸ்டீவ் ஜாப்ஸ்தான். மறு ஆண்டே ஆப் ஸ்டோர் வந்தது. அதிலிருந்து முப்பது சதவீதம் வந்தது. வலைச்செயலி மாற்றாந்தாய்ப் பிள்ளையானது.

2024 பிப்ரவரியில் நடந்ததை மறக்க முடியாது. ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் மற்ற எஞ்சின்களையும் அனுமதிக்கச் சொன்னது. அனுமதித்தால் பாதுகாப்புச் சிக்கல் வரும் என்று காரணம் காட்டி, ஐரோப்பியர்களுக்கு முகப்புத் திரை வலைச்செயலிகளையே எடுத்துவிடப் போவதாக அறிவித்தீர்கள். பந்தியில் இன்னொருவருக்கும் இலை போடு என்றால் பந்தியையே கலைத்துவிடுகிற வேலை. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 1ஆம் தேதி பின்வாங்கினீர்கள். சட்டம் கழுத்தைப் பிடிக்கிற இடத்தில் மட்டும் மற்ற எஞ்சின்களுக்கு வழிவிடுவதை நிறுத்தி, எல்லா நாட்டிலும் விடுங்கள். வெப்கிட் நல்ல எஞ்சின். போட்டியில் நிற்க அதற்குத் தெம்பு இருக்கிறது.

மைக்ரோசாஃப்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2018 டிசம்பரில் சொந்த எஞ்சினைக் கைவிட்டுக் குரோமுக்கு அடியிலிருக்கும் கூகுளின் குரோமியத்துக்கு மாறுவதாகச் சொன்ன நாளிலேயே உங்கள் நாற்காலி பாதி காலி. நான்கு பெயர்ப்பலகை, மூன்று எஞ்சின். ஒரு காலத்தில் எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்று அவுட்லுக்கின் வலைப் பதிப்புக்காக நீங்கள் செய்த ஒரு சிறு கருவிதான் பிறகு ஜிமெயிலுக்கும் கூகுள் மேப்ஸுக்கும் அடிப்படையானது என்பதை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மொசில்லாவுக்கு: ஏஎஸ்எம்.ஜேஎஸ் செய்த கை உங்களுடையது. உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி கூகுள் தேடலிலிருந்து வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். ஆப்பிளுக்கு 2022இல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்திருக்கிறது. நால்வரில் ஒருவர் மற்ற இருவருக்குப் படியளக்கிறார். மூன்றாமவர் அவருடைய எஞ்சினில் ஓடுகிறார். இந்த நிலையில் நடக்கும் சண்டை எவ்வளவு தூரம் சண்டை என்று எனக்குச் சந்தேகம் வருவது தப்பா? இருந்தாலும் எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம், ஏன் என்று பொதுவில் எழுதி வைக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

நன்றாகச் செய்கிறதையும் சொல்ல வேண்டும். 2022இலிருந்து இன்டராப் என்று ஆண்டுதோறும் நால்வரும் இகாலியா, போகூப் போன்ற நிறுவனத்தாரோடு உட்கார்ந்து, எந்தெந்த வசதி எந்த உலாவியில் பிசகுகிறது என்று பட்டியல் போட்டுச் சரிசெய்கிறீர்கள். என் வேலையில் அதன் பலன் தெரிகிறது. அந்தப் பட்டியலில் எங்கள் கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. சொல் விளையாட்டுச் செயலி எழுதினாலும், படிவத்தில் இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தாலும் இந்த இடத்தில் இடிக்கும். இதற்கு மருந்தாக இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி தரநிலையில் வந்தது. குரோமில் 2020 நவம்பர். சஃபாரியில் 2021 ஏப்ரல். ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரல். இதில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது: சண்டை இருக்கிற இடத்தில் இரண்டரை வருடத்தில் வெப்அசெம்பிளி, சண்டை இல்லாத இடத்தில் எழுத்தை எண்ணுவதற்கே மூன்றரை வருட இடைவெளி. தமிழ் எழுத்தை எண்ணுவதில் யார் முந்துகிறார்கள் என்று நீங்கள் கொஞ்சம் அடித்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே.

அந்த நாளைய குறுந்தகடு ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதில் ஒரு தலையங்கம், பக்கத்திலேயே ஈஓடி ஒன்று, பிஎஃப்ஆர் ஒன்று. போன மாதம் என் மகள் கேட்டாள் என்று அதை எடுத்துக் குரோமில் திறந்து பார்த்தேன். மேலே கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தும் பவுண்டுக் குறியும்.

இப்படிக்கு,
தமிழில் பக்கம் கட்டிப் பிழைக்கும் ஒருவன்